திருமலையில் கிடைத்த உத்தரவு

வண்டி வாசலில் நிற்பதற்குள் இவர் குதித்து இறங்கிவிட்டார்.

நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு.

"ஏட்டி முத்துவடிவு, செவப்புதான் வந்திருக்கு. குமாரசாமி உத்தரவு குடுத்துட்டான்!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பின்னாலேயே ஹபீபுல்லா ராவுத்தரும் இறங்கினார். எங்கள் வீட்டுக்கு விலை சொல்லியிருப்பவர், செங்கோட்டையில் மர வியாபாரம். வருகிற வழியில் அவரையும் ஏற்றிக்கொண்டு, எழுதித் தயாராக இருந்த முத்திரைத்தாளையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். அவ்வளவு அவசரம்.

வீட்டை விற்கப்போவதாக இவர் வாயைத் திறந்தது போன வியாழக்கிழமை. சனிக்கிழமையே ராவுத்தர் வந்து நின்றார். வந்த முதல் ஆள், கேட்டதும் நியாயமான விலை. அதில் நான் குறை சொல்லக் கூடாது.

சாரல் விழட்டும், குற்றாலத்துக்குக் கூட்டம் வருகிறபோது விலை தானே ஏறும் என்றேன் நான். சாரல் விழுந்தால் இந்த வீடு எங்கெங்கே ஒழுகும் என்பது பார்க்க வருகிறவன் தலையிலேயே தெரிந்துவிடும், காய்ந்து கிடக்கிற சித்திரையிலேயே தள்ளிவிட வேண்டும் என்றார் இவர். அதுவும் வாஸ்தவம்தான்.

எனக்கு விலையா கவலை? பணத்தைக் கொண்டுபோய்த் தென்காசியில் இவர் அண்ணன் கடையில் போடுவார். எங்களுக்கு அண்ணன் வீட்டுப் பின்கட்டு. அங்கே என் ஓரகத்தி பேராச்சி இருக்கிறாள். அவள் அடுப்படியில் ஒன்பது வருஷம் நின்றவள் நான். ஒரு கை உப்புக்கும் அவள் முந்தானைச் சாவியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இனி ஒரு நாள்கூட என்னால் ஆகாது, சாமி.

நல்லவேளை, வீடு என் அப்பா எனக்கு எழுதி வைத்தது. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு ஓடுகூட நகராது.

மூன்று நாள் சண்டை. நாலாம் நாள் நானே சொன்னேன், பூக்கட்டிப் பார்ப்போம் என்று.

செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்து ஒன்றை எடுத்துப் பிரிப்பது. சிவப்பு வந்தால் ராவுத்தருக்கே கொடுப்பது. வெள்ளை வந்தால் விற்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. சிவப்பு வந்தால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியமும் செய்தேன். இவரும் உடனே சரி என்றார்.

உள்ளூர்க் குற்றாலநாதர் வேண்டாம், எங்கள் சண்டையெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும், பட்சபாதம் வந்துவிடும் என்றார். அதனால் எல்லை தாண்டித் திருவிதாங்கூர்ச் சீமையில் பண்பொழித் திருமலை முருகன், அந்தக் குமாரசாமியிடம் போவதென்று முடிவாயிற்று. விடிவதற்கு முன்னால் எழுந்து இரண்டு பொட்டலத்தையும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். மலைப்படி ஏற முழங்கால் கேட்காது என்று நான் போகவில்லை.

இப்போது இவர் வாழையிலைத் துண்டை விரித்துக் காட்டுகிறார். நடுவில் செக்கச்செவேலென்று அரளி.

"காலைல கட்டுன பூ, இந்த வெயிலுக்கு வாடக்கூட இல்ல, பாத்தியளா ஆச்சி?" என்று ராவுத்தர் அதிசயப்பட்டார். பாவம், நல்ல மனிதர்.

"எல்லாம் அவன் கிருபை" என்று இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு பொட்டலம் எங்கே என்று மெல்லக் கேட்டேன். அதைப் பிரிக்கவே இல்லையாம், அங்கேயே சுனையில் போட்டுவிட்டாராம்.

அடப்பாவி மனுஷா! சாமி பேரைச் சொல்லியா? தெருவைக் கூட்டி நாலு கேள்வி கேட்க வாய் துறுதுறுத்தது.

ஆனாலும் முருகா என்று கும்பிட்டேன். பேனாவை வாங்கி, முத்துவடிவு என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன்.

இவர் சொல்வது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைத்தான் வைத்துக் கட்டினேன் என்று எந்த வாயால் சொல்வேன்?