எண்ணெய் மணக்கும் வேட்டை

“இன்னைக்கும் பன்றி தப்பிச்சா ரெண்டு பேரும் காயலான் கடைக்குத்தான்!” என்றார் வேட்டைக்காரர். உடனே துப்பாக்கியும் கத்தியும் எண்ணெய்க் குப்பிக்கு அடித்துக்கொண்டன.

“சுடப்போறது நான், எனக்குத்தான் நிறைய!” என்றது துப்பாக்கி.

“அப்போ தோலை உங்க தாத்தாவா உரிப்பாரு? எனக்கு ஊத்து!” என்றது கத்தி.

இரண்டும் சொட்டச் சொட்டக் குளித்தன.

“மிச்சத்தைத் துடைக்கணுமே, அதுக்குத்தானே நான் இருக்கேன்?” என்றது துணி.

“போடி கந்தல்! உன்னை யாரு கேட்டா?” என்றன இரண்டும்.

என்ன நியாயமோ!

காட்டில் பன்றி மூக்கைத் தூக்கியது. “அடியே, எண்ணெய் வாசனை! ஓடு, ஓடு!” என்று மனைவியோடு மலையேறிவிட்டது.

காயலான் கடைக்குப் போகும் வழியெல்லாம் ஒரே வாக்குவாதம்.

“பன்றி என்னைக் கண்டுதான் நடுங்கி ஓடிச்சு!” என்றது துப்பாக்கி.

“போடா! அது என் வாசனைக்கு!” என்றது கத்தி.