எத்தனை வருஷம் தாங்கும்

வால்வு மூடியைக் கழற்றியதும் ஸ்பிரிங் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பின்னாலேயே வர வேண்டிய பிளஞ்சர் வராமல் சிக்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அது வழுக்கிக்கொண்டு வந்தது.

காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுண்டுவிரல் பருமன்தான். ஆயில் பம்ப்பில் அழுத்தம் எகிறினால் இது பின்வாங்கி வழி விடும். இறங்கினால் திரும்பி வந்து அடைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு தூசி சிக்கினாலும் போச்சு, திறந்தபடியே நின்றுவிடும். ஆயில் மேலே ஏறாது, டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும்.

அந்தத் தூசிக்காகத்தான் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். துடைத்து மாட்டினால் ஒரு மணி நேர வேலை.

பிளஞ்சரில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்பிரிங்கை அளந்தேன், அதுவும் குறையவில்லை. வால்வு மேல் பழி போட வழியில்லை.

"ஆச்சாடா?" அக்கா பட்டறை வாசலிலிருந்து கேட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். "அந்த லைட் எரியறப்பல்லாம் வண்டி நடுவழியில நின்னுடுமோன்னு இருக்குடா."

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா."

நாளைக்கு வியாழக்கிழமை. ஆறு மாதமாக வியாழன்தோறும் எழுபது கிலோமீட்டர் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள். மருந்து நன்றாக வேலை செய்கிறது, வருஷக் கடைசிக்குள் எழுந்து ஓடுவாள் என்று அவள் வீட்டுக்காரர், என் மாமா, எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். காரின் முன் சீட்டைப் பிரித்து, ஸ்பஞ்ச் வைத்து, அவள் சாய்வதற்குத் தோதாக நானே மாற்றிக் கொடுத்திருந்தேன். வேறு வண்டியின் குலுக்கலை அவள் தாங்கமாட்டாள்.

வடித்து வைத்திருந்த ஆயில் தட்டை வெயிலுக்கு இழுத்துச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் செம்பு நிறத்தில் மினுமினுவென்று துகள். உள்ளே பேரிங் தேய்ந்து கொட்டிக்கொண்டிருந்தது.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செருப்பு வாங்கினாலும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்கிற ஆள். ஒரு குடைக்கு உத்தரவாதம் கேட்டுக் கடைக்காரரை அழாக்குறையாக ஆக்கியவர். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது பீரோவைத் தட்டிப் பார்த்து, "எத்தனை வருஷம் தாங்கும்?" என்று அப்பாவிடம் கேட்டதை அக்கா இன்னும் சொல்லிச் சிரிப்பாள். நான் போட்ட டயர், நான் மாற்றிய பிரேக், எதுவும் அவருக்குப் போதாது.

கழற்றியதை வண்டிக்காரர் கண்ணில் காட்டாமல் நான் எதையும் மாட்டுவதில்லை. அக்கா பக்கத்தில் நின்ற மாமாவைத் தட்டோடு டயர் அடுக்கின் பின்னால் கூட்டிப்போனேன்.

"வால்வு நல்லா இருக்கு மாமா. எஞ்சின்தான் போயிடுச்சு. இறக்கி வேலை பார்க்கணும், மூணு வாரமாவது ஆகும்."

"இப்படியே ஓட்டினா?"

"மெதுவா ஓட்டினா ரெண்டு மாசம் வரும். அதுக்கு மேல ஒரு நாள்கூட என்னால சொல்ல முடியாது."

ஆரம்பிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். ஏன் ரெண்டு மாசம், ஏன் ரெண்டு வருஷம் வராது, போன தடவை நீதானே பார்த்தாய் என்று பிடித்துக்கொள்வார்.

மாமா துகளை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு வாசல் நாற்காலியைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் போதும் மாப்ள," என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வருஷக் கடைசி என்றதெல்லாம் எங்களுக்காகச் சொன்னது. அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"லைட் மட்டும் எரியாம பண்ணிடு," என்றார். "வழியெல்லாம் அவ அதையேதான் பார்த்துட்டு வரா."

பழைய கார் விற்கிறவர்கள் செய்கிற ஒரு திருட்டு வேலை உண்டு. ஆயில் லைட்டின் வயரை வெட்டி பேட்டரி லைட்டோடு சேர்த்துவிடுவார்கள். சாவி போட்டதும் எரியும், எஞ்சின் ஓடினால் அணைந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே ஆயிலே இல்லாவிட்டாலும் எரியாது. அப்படிச் செய்த ஒருவனை இதே பட்டறையில் நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அதை இன்று என் கையால் செய்தேன். கண்ணீர் மறைத்தது, வயரைத் தடவித் தடவித்தான் முறுக்கினேன்.

வால்வை ஒழுங்காகவே மாட்டினேன். பிளஞ்சரைத் துடைத்து, ஆயில் தடவி, மூடிக்குப் புது வாஷர் போட்டேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இருப்பதிலேயே கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்றினேன்.

அக்காவை இரண்டு பேருமாகக் கைத்தாங்கலாக ஏற்றினோம். ஆறு மாதத்துக்கு முன் இப்படித் தூக்க வேண்டியிருக்கவில்லை. வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு உறைக்கவில்லை.

மாமா சாவியைத் திருகினார். சிவப்பு எரிந்தது. எஞ்சின் ஓடியதும் அணைந்தது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப எரியவில்லை என்றதும் மெல்லச் சாய்ந்துகொண்டாள். முகம் தெளிந்துவிட்டது.

"உங்க மாமா இன்னிக்குக் கேக்க மறந்துட்டார் பாரு," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எத்தனை வருஷம்டா தாங்கும்?"

மாமா பக்கக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"பத்து வருஷம் தாங்கும்க்கா," என்றேன்.