பச்சை மெழுகு

இங்கிலாந்து மன்னரின் முத்திரை அமைச்சர் ஜெர்வாஸிடம் இருந்தது. தகப்பனை இழந்த பிரபு வீட்டுப் பெண்ணை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று மன்னர்தான் முடிவு செய்வார். ஜெர்வாஸ் முத்திரையிட்டால்தான் அந்த ஆணை செல்லும். அவர் மனைவி மேபலுக்கு, இறந்துபோன முதல் கணவரான ஒரு பிரபு மூலம் பிறந்த மகள் அவிஸ். “அவ பேரு வந்தா மட்டும் நிறுத்தி வைங்க” என்று மேபல் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று அறுபது வயதுப் பிரபு ஒருவர் அவிஸின் பெயர் எழுதிய ஆணையோடு வாசலில் வந்து இறங்கினார். மேபல் அதில் தொங்கிய பச்சை மெழுகு முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம், அழுத்திப் பிடித்த கணவரின் கட்டைவிரல், அதிலிருந்த தழும்போடு அப்படியே பதிந்திருந்தது.

“படிச்சீங்களா?”

“ஒரு நாளைக்கு நாப்பது வருது, மேபல்.”

“அதைக் கேக்கல.”

அவிஸ் படியிறங்கி வந்தாள். மேபல் ஆணையைக் கணவர் கையில் திணித்தாள்.

“இப்பப் படிங்க. சத்தமா.”