பெருச்சாளி கொடுத்த வட்டி

போகிற வழியில் ஒரு வண்டியின் மூட்டை கிழிந்து, ஓர் அணிலுக்குக் கூடை நிறையக் கடலை கிடைத்தது. மழைக்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு. ஆனால் எங்கே வைப்பது? மரப்பொந்து ஒழுகும். மண்ணில் புதைத்தால் புதைத்த இடம் அணிலுக்கே மறந்துபோகும்.

"என் வளையில போட்டு வைங்கக்கா. தினம் சாயங்காலம் ஒரு கடலை வட்டி தர்றேன். போட்டது போட்டபடி இருக்கும்" என்றது பெருச்சாளி.

அணில் ஒன்றும் ஏமாளி இல்லை. ஒவ்வொரு கடலையிலும் பல்லால் ஒரு கீறல் போட்டுத்தான் கொடுத்தது.

சொன்னபடி வட்டி வந்தது. அணிலும் வாலைத் தூக்கிக்கொண்டு தின்றது. பெருச்சாளி மட்டும் வளைக்குள் நுழையவே திணறும் அளவுக்குப் பெருத்துப்போனது.

ஒருநாள் வட்டிக் கடலையை அணில் திருப்பிப் பார்த்தது. அதே பல் கீறல்!

ஓடிப்போய், "என் கடலையை எடுடா!" என்று கத்தியது.

"பதறாதீங்கக்கா. வேற யாராவது கொண்டாந்து போட்டா உங்களுக்கு உடனே குடுத்துடுறேன்."

அணில் தொங்கிய முகத்தோடு திரும்பியது. எதிரே மைனா வந்தது.

"என்னக்கா, முகமே சரியில்ல?"

"அட போடி, தினம் வட்டி தின்னு வயிறு உப்பிப்போச்சு" என்று சிரித்தது அணில். "ஆமா, அன்னிக்கு வண்டிக்குப் பின்னாடி நீயும் கொஞ்சம் கடலை பொறுக்கினியே, அதை எங்க வச்சிருக்கே?"