விற்பனைக்கு அல்ல

சுதந்திரம் கிடைத்த வருடம், காஜா பெராங் பகுதி ஓவியர்கள் சிலர் கூடி ஒரு கடைவீட்டு மாடியில் கண்காட்சி வைத்தார்கள். விற்ற படத்தின் கீழ் மூலையில் சிவப்புக் காகித வட்டம் ஒட்டுவது அவர்கள் வழக்கம். ஹாஜாவின் படங்களில் நான்கு வட்டங்கள் இருந்தன. ராஜரத்தினத்துக்கு மருந்துக்குக்கூட ஒன்றில்லை.

மகள் கோகிலாவை வரைந்த படத்தில் மட்டும் அவர் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதியிருந்தார். அதில்தான் முதல் நாள் யாரோ வட்டம் ஒட்டியிருந்தார்கள். மாலையில் அதைச் சுரண்டி எடுத்தார். இரண்டாம் நாளும் சுரண்டினார். மூன்றாம் நாளும் அது இருந்தது.

“அட, உங்களுதும் போயிருச்சா அண்ணே!” என்றார் ஹாஜா, எல்லார் காதிலும் விழும்படி.

“ஆமா பாய், நல்ல விலைக்கு,” என்றார் ராஜரத்தினம். வட்டத்தை அவர் தொடவில்லை.

வீட்டில் மனைவி தேங்காய் நாரால் கோகிலாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்தும் அதிலிருந்த சிவப்பு வட்டம் அழியவில்லை. “ரெண்டு நாளும் சாயங்காலம் தானா போயிருச்சுங்க. இன்னிக்குப் போவ மாட்டேங்குது.”

இரண்டு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் பழுப்புத் தாள், மற்றவர் கையில் சணல் கயிறு.

“படம் அங்கேயே தொங்கட்டும்ங்க,” என்று சொல்லி, கோகிலாவின் நீளத்துக்குத் தாளைத் தரையில் விரித்தார்கள்.