திரை அணைந்த பிறகு

முடிவில்லாமல் வீடியோ காட்டும் செயலிகள் ஒரு மணி நேரத்தில் தாமாகவே அணைய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அணைகின்றனவா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. பொற்கொடியின் மகள் நிலானியின் போன் நான்கு மணிக்கு வீடியோ ஓடத் தொடங்கி, சரியாக ஐந்து மணிக்குக் கறுத்தது. படிவத்தில் இருந்தது அந்த ஒரே கேள்விதான். 'ஆம்' என்று எழுதினேன். நிலானியின் கட்டைவிரலோ கறுப்புத் திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

“நாலு நாளா இப்படித்தான் மேடம். இதையும் அதுல எழுதுங்க” என்றாள் பொற்கொடி.

“அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா.”

குனிந்து பார்த்தேன். கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. நிலானி அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, விரலால் தள்ளினாள். என் முகம் மேலே நகர்ந்து காணாமல் போனது. அடுத்து வந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள்.