சாலவாக்கத்தில் கொதித்த கார்

ரைஸ் மில் முதலாளி கன்னியப்பரின் கார் கொஞ்ச நாளாகவே சாலவாக்கம் வந்ததும் கொதித்து நின்று மானத்தை வாங்கியது. டிரைவர் வேதகிரி அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றுவான். என்ஜின் ஆற அரை மணியாகும்.

உத்திரமேரூர் மெக்கானிக் அருள்தாஸ் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அது திறக்கவேயில்லை.

“இது தொறந்தாத்தான் என்ஜின் தண்ணி ரேடியேட்டருக்குப் போயி ஆறும். ஆனா, இது போன மாசம் நான் கழட்டிப் போட்ட பழசுங்க! நான் மாட்டின புதுசு இன்னா ஆச்சு?”

வேதகிரி சீட்டுக்கு அடியிலிருந்து புதியதை எடுத்து நீட்டினான்.

“எதுக்குடா மாத்தின?” முதலாளி கத்தினார்.

“அந்த வூட்டுல தண்ணி குடுக்குறது என் பொண்டாட்டிங்க. கல்யாணமான புதுசு. ஆடி மாசம்னு அவங்கம்மா இட்டுக்கினு பூட்டாங்க. என்னை அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க. வண்டி நின்னா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“என்ஜினே போயிருக்குமேடா! அருள்தாஸ், புதுசை மாட்டு.”

வேதகிரியின் முகம் தொங்கிப்போனது.

காரில் ஏறி உட்கார்ந்த முதலாளி தொண்டையைக் கனைத்தார். “சாலவாக்கம் வந்தா எனக்குத் தலை சுத்துதுடா. நெழலா நிறுத்திட்டு, அந்த வூட்டுல கொஞ்சம் தண்ணி வாங்கிக்கினு வா. அவசரமில்ல, மெதுவாவே வா.”